அக்கா கடலில் நின்று கேட்ட மணி

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அவரைக் கருவாட்டு வாசம் வீசும் கைகளோடும், யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்பாத பிடிவாதத்தோடும் அறிவீர்கள். அவருடைய காதுகளைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. அதைச் சொல்ல வேண்டியவன் நான். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா முல்லைத்தீவுக் கரையில் கள்ளப்பாடு என்ற ஊரில் பிறந்தார். எங்கள் அம்மா இளவயதில் இறந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்குப் போனார். அவர் விட்ட படிப்பைத்தான் நான் படித்தேன். மீன் காயவைத்து என்னை ஆசிரியனாக்கினார். பிறகு அத்தானை மணந்தார். அத்தானுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகள்.

எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைகளில் ஜப்பான் வானொலிகள் நிறைந்தன. காற்றுமழை அறிவித்தல் கேட்பதற்காக அத்தான் ஒன்று வாங்கி வந்தார். அதில் தூரதேச நிலையங்களைப் பிடிக்கும் சிற்றலை என்று ஒரு பக்கம் இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. அக்கா கவனித்தார். விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் அந்தக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முற்றத்துத் தென்னைகள் இரண்டுக்கும் இடையில், அலையைப் பிடிக்கச் செப்புக் கம்பி கட்டினார். கம்பி மரத்தில் படாதபடி இரு முனையிலும் உடைந்த போத்தல் கழுத்துகளைக் கோத்தார். களைத்துப்போன பற்றறிகளைக் கருவாட்டோடு ஒரே பாயில் வெயிலில் காயவைப்பார்.

"உன்ர அக்கா உலகத்துக்கே வலை போட்டு இழுக்கிறா. நான் கொண்டுவாறது வெறும் சூடை மீன்" என்று அத்தான் சிரிப்பார்.

தமிழ் தவிர வேறு மொழி அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் இரைச்சலுக்குள் ஒரு குரல் எழுந்தால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது விடிய முன் என்னை எழுப்பினார்.

"தம்பி, எழும்பி வா. ஒரு மணி அடிக்குது. பிறகு குழல். கேள்."

கேட்டேன். மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல் ஒரு மணி. அதன்பின் மூங்கிற் குழலின் ஓசை. பிறகு ஒரு ஆணின் பேச்சு. சூரியன் கடலிலிருந்து மேலே வந்ததும் எல்லாம் கரைந்து போயிற்று. நாள்தோறும் அப்படித்தான் என்றார் அக்கா. வெளிச்சம் வந்தால் போய்விடுமாம். பின்னர் உலக வானொலி நிலையங்களின் அட்டவணைப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அது தென்னமெரிக்க மலைகளில், உருளைக்கிழங்கு விவசாயிகளுக்காக ஒரு பாதிரியார் நடத்திய சிறிய நிலையம்.

"அங்க பொழுதுபட்டிட்டுது, இங்க இன்னும் விடியேல்ல. நடுவில கிடக்கிறது முழுக்க ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள்ளாலதான் அவரின்ர சத்தம் எங்களிட்ட நடந்து வருது" என்று அக்கா சொன்னார். பட்டப்படிப்புப் படித்த நான் அன்றுவரை இருட்டை ஒரு பாதையாக நினைத்ததில்லை.

அந்த நிலையத்துக்கு என்ன கேட்டோம், எப்படிக் கேட்டது என்று அறிக்கை எழுதினோம். அக்கா சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "மிகத் தெளிவாகக் கேட்டது என்று போடுவோமா? சந்தோசப்படுவினம்" என்றேன்.

"கேட்டதை எழுது. கேளாததை எழுதினா அந்த மனிசனுக்கு என்ன பிரயோசனம்?"

பல மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. பனிமலையும் ஒட்டகச் சாயலில் ஏதோ ஒரு மிருகமும் உள்ள அட்டை. அதனோடு பாதிரியாரின் கடிதம். தங்கள் குரல் இவ்வளவு தூரம் போனதை அங்கே யாரும் நம்பவில்லையாம். வரும் பாஸ்காத் திருவிழிப்பின்போது, அதாவது உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய இரவுப் பூசையில், கோவில் மணியை மூன்று முறை அடித்து, அக்காவின் பெயரையும் ஊரின் பெயரையும் வானொலியில் சொல்லுவேன் என்று எழுதியிருந்தார். அங்கே சனிக்கிழமை முன்னிரவு. எங்களுக்கு உயிர்த்த ஞாயிறு விடியல்.

நான் மொழிபெயர்த்து வாசித்தேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார்.

"என்ர பேரை மலையில சொல்லப் போறாரோ?" என்று மட்டும் கேட்டார். தபாலில் வந்த எதுவும் அதுவரை அவருடைய பெயருக்கு வந்ததில்லை.

அந்த நாளின் அருமை எனக்குத் தெரியாதிருந்தது என்று நான் சொல்ல முடியாது. அதைத் தமிழில் வாசித்தவனே நான்தான்.

ஆனால் காலம் மாறியிருந்தது. இரவில் கடலுக்குப் போகத் தடை. வீதியில் இராணுவ வாகனங்கள். கம்பி கட்டிய வீடு என்றால் உள்ளே தொலைத்தொடர்புக் கருவி இருக்கிறதா என்று கேட்பார்கள். பெரிய வெள்ளியன்று கடைவாசலில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மாஸ்டர், அக்கா எந்த நாட்டோட கதைக்கிறா? எங்களுக்கும் ஒரு விசா எடுத்துத் தரச் சொல்லுங்கோ."

சிரித்தார்கள். எனக்குப் பளையில் பெண் பேசியிருந்தார்கள். பெண்வீட்டார் திருநாளுக்கு அடுத்த நாள் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பயத்தினால் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பயமும் இருந்தது. ஆனால் என் கையை அசைத்தது, பெண்வீட்டார் முன்னும் அந்தச் சிரிப்பு எழுமோ என்ற வெட்கம். சனிக்கிழமை அக்கா கோவிலைக் கூட்டி அலங்கரிக்கப் போயிருந்த நேரம், தென்னையில் ஏறிக் கம்பியைக் கழற்றிச் சுருட்டி, ஊருக்குப் பின்னாலிருந்த நந்திக்கடல் நீரேரியில் எறிந்துவிட்டு வந்தேன். ஞாயிறு விடிந்து அந்த மணி கேட்டு முடியும்வரைகூடக் காத்திருக்க எனக்கு மனமில்லை. ஊரடங்கினால் திருவிழிப்புப் பூசை அன்று பின்னேரமே முடிந்தது. கோவிலை ஒதுக்கிவைத்துவிட்டு அக்கா வீடு திரும்பியபோது இருட்டிவிட்டதால் மேலே பார்க்கவில்லை.

விடியற்காலையில் முற்றத்தில் அவர் குரல் கேட்டது. "தம்பி! கம்பியைக் காணேல்ல!"

"செப்புக் கம்பி எல்லே அக்கா. ஆரும் களவெடுத்திருப்பாங்கள்" என்றேன்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு கணம் வெறும் தென்னைகளைப் பார்த்தார். பிறகு வானொலியைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி ஓடினார். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் சத்தம் கூடும் என்பதை அவர் முன்பே கண்டுபிடித்திருந்தார். நான் பின்னால் ஓடினேன். யாரும் போகக்கூடாத நேரம், யாரும் நிற்கக்கூடாத கரை. முழங்காலளவு தண்ணீரில், வானொலியைத் தோளில் வைத்து, அதன் உலோகக் கோலை முழு நீளத்துக்கும் இழுத்து, கையால் உயர்த்திப் பிடித்தபடி அக்கா நின்றார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வேறு எதுவாகவும் தெரிந்திருக்கும். அவரைக் காப்பாற்றக் கழற்றினேன் என்று நான் சொல்லிக்கொண்ட கம்பி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

"அக்கா, சுடுவாங்கள்! வாங்கோ!"

"சத்தம் போடாத. மணி அடிக்குது."

பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. உலகத்தின் மறுபக்கத்தில், இன்னும் நேற்றாக இருந்த ஓர் இரவில் அடித்த மணி, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கேட்டது. மணி ஓய்ந்து குரல் தொடங்கியபோது ஒரு அலை அக்காவின் இடுப்புவரை ஏறியது. வானொலி நனையாமலிருக்க அவர் அதை என் கையில் தள்ளிவிட்டார். என் காதோடு ஒட்டிய அந்தப் பெட்டியில், அந்நிய நாக்கில் நெளிந்து, அக்காவின் பெயர் வந்தது. அதன்பின் எங்கள் ஊரின் பெயர். அவர் மீண்டும் காதைக் கொண்டுவந்தபோது குழல் இசைத்துக்கொண்டிருந்தது. பிறகு சூரியன் வந்துவிட்டது.

"சொன்னவரே?" என்று அக்கா கேட்டார்.

"சொன்னவர் அக்கா. வடிவாச் சொன்னவர்."

அவர் ஈரச் சட்டையோடு நின்று சிலுவை அடையாளம் போட்டார்.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தோம். பெயரையும் கேட்டதாக எழுதட்டுமா என்றேன். "இல்லை. மணி மூண்டும் நான் கேட்டனான். பேரைத் தம்பி கேட்டவன் எண்டு எழுது." அப்படியே எழுதினேன். கம்பி இருந்திருந்தால் அவர் வீட்டு யன்னலோரத்தில் உலர்ந்த உடையோடு இருந்து தன் பெயரைத் தானே கேட்டிருப்பார்.

பிறகு அந்த நிலையம் எங்களுக்குக் கேட்கவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் போரினால் வீட்டையும் வானொலியையும் விட்டுப் புறப்பட்டோம். அத்தானை இழந்தார். எத்தனையோ இடங்களில் குடிசை போட்டார். எங்கேயும் மனம் கசந்து பேசியதில்லை.

நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பல முறை வாய்வரை வந்தது. ஆனால் அவர் பெயர் அந்த மலையில் சொல்லப்பட்டதற்கு உலகத்தில் என் சொல் ஒன்றுதான் சாட்சி. அதே காலையில் கம்பியைப் பற்றிப் பொய் சொன்னவன் என்று தெரிந்தால், பெயரையும் நான் ஆறுதலுக்குச் சொன்னதாக அவர் நினைத்துவிடுவாரோ? ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதையும் அவரிடமிருந்து பறித்துவிடுவேனோ என்று அஞ்சினேன். அதனால் வாய் மூடியிருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசி நாட்களில் நெளுக்குளத்தில் மகள் வீட்டுக் கட்டிலில் கிடந்தபடி ஒருநாள் கேட்டார். "தம்பி, அண்டைக்கு அவர் என்ர பேர் சொன்னவர்தானே?"

"ஓம் அக்கா. சொன்னவர்."

கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் நான் கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்காவைத் தாயாகத் தாங்கிய மகளுக்கும் மருமகனுக்கும், இரவுபகலாக வந்து பார்த்த அயலவர்களுக்கும், இறுதிப் பூசையை நிறைவேற்றிய குருவானவருக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். இந்நேரம் உயிரோடு இருக்க முடியாத அந்த மலைப் பாதிரியாருக்கும் நன்றி.

அக்கா, கம்பியைக் கழற்றியவன் நான். களவு எதுவும் நடக்கவில்லை. உங்கள் பெயர் சொல்லப்பட்டது. நான் கேட்டேன். கேட்டதைத்தான் எழுதுகிறேன்.