சூரியப் பலகைக்குச் சந்தனப் பொட்டு

மேற்கு மாம்பலம் அனந்தராமனுக்குத் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. அலைதடுப்புச் சுவரின் கோடியில் இருந்த விளக்குக்குப் பதினொரு வருடமாக வாராவாரம் பாட்டரி சுமந்தவர். மூங்கில் கழியின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் உதவியாள் சாந்தோம் லாசர். கீழே பாசி படிந்த பாறை. போன மழையில் வழுக்கி விழுந்த லாசரின் முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

1995-இல், பாட்டரியை விளக்கடியிலேயே வெயிலில் சார்ஜ் செய்யும் சூரியப் பலகைகள் வந்தன. சோதித்துப் பார்க்க ஒன்றை வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து பல்பு மாட்டினார். மனைவி ஸ்ரீலக்ஷ்மி கொடியில் துண்டை உதறிப் போட்டாள். அதன் நிழல் பலகையின் ஓரத்தில் விழுந்ததுமே பல்பு மங்கியது.

“என்னடி பண்ணினே?”

“துண்டு ஒணத்தினேன். இதுக்கே பயந்துண்டு அணையறதே, இதுவா கப்பலுக்கு வழி காட்டப்போறது?”

சுவர்க் கோடியில் பலகைகளை மாட்டும் நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெரிய அதிகாரி வருவார். மீட்டர் முள் பத்து ஆம்பியரைத் தொட்டால் பலகைகள் நிற்கும். இல்லையென்றால் திரும்பிப் போகும், மறுபடி மூங்கில் கழிதான்.

புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் அனந்தராமன் எதையும் தொடங்கியதில்லை. நான்கு பலகைக்கும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பி, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஒயரை இணைத்தார். முள் மூன்றில் நின்றது.

“இன்னா சாமி, சூரியன் லீவுல கீதா?” என்றான் லாசர்.

ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினார். மூன்றுதான். மணி பதினொன்றரை. லாசர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். மாலையின் நிழல் கண்ணாடியில் ஆடியது. அனந்தராமனுக்குத் துண்டு நினைவு வந்தது.

“லாசர், மாலைய எடுறா!”

முள் ஐந்துக்கு ஏறியது. இனிப் பொட்டு. நல்ல நாளில் வைத்ததை அழிக்கக் கை வரவில்லை.

“நீ வச்சத நீயே அழி சாமி. நான் தொட்டா, சர்ச்சுக்குப் போறவன் அழிச்சிட்டான்னுவாங்க.”

அனந்தராமன் சந்தனத்தை விரலால் வழித்து இரும்புக் கம்பத்தில் அப்பினார். மாலையையும் அங்கேயே கட்டினார். குடிதண்ணீரைக் கொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார்.

“எட்டு... ஒம்போது... பத்து! தொட்டுடுச்சி சாமி!” வீங்கிய காலோடு லாசர் குதித்தான்.

அதிகாரி வந்தார், முள்ளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பொழுது சாய்ந்ததும் விளக்கு தானாக மின்னத் தொடங்கியது. செய்வதற்கு இருவருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போனதும் முதலில் ஸ்ரீலக்ஷ்மியிடம் துண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் அனந்தராமன்.

“கெளம்பலாமா லாசர்?”

“இரு சாமி, இன்னும் பத்து தபா மின்னட்டும்.”