நான் சேமித்த பக்கமும் நாலாம் நம்பர் பிரஸ்ஸும்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தகடு வெட்டும் பிரஸ் இயந்திரங்களுக்கு அச்சு மாட்டுகிற வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் என் பேரைச் சொல்லக்கூட வராது. இதையெல்லாம் படித்தவர்கள்தான் எழுத வேண்டும். அன்றைக்கு அங்கே இருந்த படித்தவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் நான்.

காலை பதினொன்றரை மணி இருக்கும். டீ நேரம் முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பியிருந்தோம். நான் ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸின் ஒவ்வோர் அடியும் என் காதுக்குத் தெரியும். தகடு வெட்டுப்படும்போது அதில் ஒரு கூர்மை இருக்கும். நாலாம் நம்பரில் விழுந்த ஓர் அடியில் அது இல்லை. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டது போல மந்தமாக விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். நாலாம் நம்பரை ஓட்டுகிறவன் அஞ்செட்டிப் பக்கத்து ஆள். ஒப்பந்தத் தொழிலாளி, முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"ணா, கை வர மாட்டேங்குதுணா."

பக்கத்திலிருந்தவர் பயத்தில் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்பு பட்டனை அடித்துவிட்டார். இயந்திரம் நின்றது, அச்சு மூடியபடியே. அவனுடைய வலது கை உள்ளே. இனி மின்சாரத்தில் மேலே தூக்கினால் முதலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிவிடுமோ என்று யாருக்கும் தைரியம் வரவில்லை. சக்கரத்தில் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் தூக்க வேண்டும். அது அச்சு மாட்டுகிறவன் வேலை. நான் சுற்றினேன். இன்னும் இரண்டு பேர் கம்பியைப் பிடித்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அச்சு ஒரு நூல் ஏறியது. அப்போதுதான் அவன் கத்த ஆரம்பித்தான். நிறுத்தினால் வலி நிற்காது, சுற்றினால் கூடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். கை வெளியே வந்தபோது கட்டைவிரல் மட்டும் விரலாக இருந்தது.

விரல்களைப் போட்டு அனுப்பக் கேன்டீனிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார்கள். அச்சிலிருந்து எடுக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் இயந்திரத்தின் பக்கப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன சிவப்பு வயர், இரண்டு முனைக்கும் நடுவே புதிதாக. எந்த வீடியோவைப் பார்த்து அதைப் போட்டிருக்கிறான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவன் நான்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். புக்மார்க் என்போம். இணையத்தில் வேலைக்கு உதவுகிற பக்கமோ வீடியோவோ கண்ணில் பட்டால் அதை அதில் சேமிக்க வேண்டும். தேடுகிறவருக்கு அகப்படும்படி ஒரு அடையாளச் சொல் போட வேண்டும். அதையே இன்னொருவர் சேமித்தால் நம் பேருக்குக் கீழே அவர் பேரும் வரும். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று எல்லாவற்றிலும் அடையாளச் சொற்கள் கிடந்தன. சானமாவுக் காட்டுப் பக்கம் சாலையில் யானை இறங்கிய செய்தி வந்தால் உடனே ஒருவர் அதைச் சேமித்து 'பஸ் லேட்' என்று போடுவார். அந்த வழியாக வருகிறவர்கள் காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

வாய் திறக்க வராத எனக்கு அது பிடித்துப் போயிற்று. யார் முகத்தையும் பார்க்காமல் தெரிந்ததைச் சொல்லலாம். கிரீஸ் போடுவது, அச்சு தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது என்று நிறையச் சேமித்தேன். ஒரு நாள் இந்த வீடியோவையும் சேமித்தேன்.

பிரஸ்ஸின் முன்னால் இரண்டு பக்கமும் கம்பம் நிற்கும். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். கை குறுக்கே போனால் பிரஸ் நின்றுவிடும். கர்ட்டன் என்போம். அச்சு மாட்டும்போது மட்டும் நாங்கள் அதைச் சாவி போட்டு அணைத்துவிட்டு, பிரஸ்ஸை நூல் நூலாக இறக்குவோம். நாலாம் நம்பரில் அந்தச் சாவி கெட்டுப்போய் மாதக்கணக்கில் கிடந்தது. சாவி இல்லாமல் ஒரு வயரை வைத்து அணைப்பது எப்படி என்று வீடியோவில் ஒருவர் காட்டினார். சேமித்தேன். 'கர்ட்டன் பிரச்சினை' என்று போட்டேன். குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அச்சு மாட்டும்போது மட்டும், ஓட்டும்போது கூடாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். செல்போனில் தமிழ் அடித்தால் எனக்குப் பிழை வரும். அலுவலகத்துப் பெண்கள் படித்துச் சிரிப்பார்கள் என்று கூச்சம். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அதிகம் சேமிக்கப்பட்ட பக்கம் எது என்று வாசிப்பார்கள். அதைப் போட்டவரின் லைனுக்குக் கைதட்டு, ஒரு டப்பா மைசூர்பாகு. எங்கள் லைன் இன்சார்ஜுக்கு ஒருமுறைகூட அது கிடைத்ததில்லை. நான் வீடியோ போட்ட வாரம் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"ஏம்ப்பா, அசெம்ப்ளிகாரன் நாப்பது சேவ் வாங்கறான். நாம என்னா புடுங்கிட்டு இருக்கறோம்? நம்ம அச்சு மாட்டற பெரியவரு ஒண்ணு போட்டிருக்காரு பாருங்க. எல்லாரும் சேவ் குடுங்க. தொறந்து பாக்கணும்னுகூட இல்ல, அமுக்குனாப் போதும்."

"பேசாத மனுசன் போட்டிருக்காருன்னா பெரிய விசயமாத்தான் இருக்கும்" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அமுக்கினார்கள். இன்சார்ஜ் தன் பேரில் கருத்தும் எழுதினார்: 'நல்ல ஐடியா. கர்ட்டன் தொல்லை பண்ற எல்லா பிரஸ்ஸுக்கும் போடலாம்.' மைசூர்பாகு எங்களுக்கு வந்தது. நானும் ஒரு துண்டு தின்றேன். சேமித்தவர்களில் அதைத் திறந்து முழுதாகப் பார்த்தவன் அஞ்செட்டிக்காரன் ஒருவன்தான் என்று இப்போது நினைக்கிறேன். கர்ட்டன் அவனுடைய பிரஸ்ஸைச் சும்மா சும்மா நிறுத்தி, எண்ணிக்கை குறைகிறது என்று தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அவன் மச்சான், மனைவியின் அண்ணன், நின்றிருந்தார். ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். என் பேரைக் கேட்டார். சொன்னேன். முதல் குத்து வாயில் விழுந்தது.

"உன் பேருதான்டா மேல இருக்குது! போன்ல காட்டுனான்டா எங்காளு! நீ போட்டு வெச்சத நம்பித்தானடா கைய வுட்டான்!"

கீழே விழுந்ததும் காலால் உதைத்தார். வண்டியிலிருந்து காலி பிளாஸ்டிக் கிரேட்டை எடுத்து முதுகில் அடித்தார். அதன் விளிம்பு உடைந்து தோளில் கிழித்தது. ஒரு பல் நாக்கின் மேல் வந்து கிடந்தது. நான் கை தூக்கவில்லை. அந்த அடி எனக்குச் சேரவேண்டியது என்றே பட்டது. அவன் மனைவி ஓடிவந்து அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுணா! செத்துகித்துப் போயிட்டாருன்னா உன்னயும் உள்ள வெப்பாங்க. எங்கள யாரு பாக்கறது?"

வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"அவன் அப்டித்தான்ணா, வாய்க்கு முன்னாடி கை வந்துடும்" என்றான். பிறகு, "ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. நானா மெசின நோண்டுனேன்னு எழுதப் போறாங்களாம். அப்டி எழுதிட்டா எனக்கு ஒண்ணும் கெடையாதுணா. வேலயும் இல்ல, நஷ்ட ஈடும் இல்ல. அந்தப் பக்கத்துல இன்சார்ஜு எழுதுனது இருக்குது இல்ல? அத மட்டும் எடுத்துடாதீங்க."

"என்னாலதான்ப்பா..." என்று தொடங்கினேன்.

"அத அப்புறம் பேசிக்கலாம். எடுத்துடாதீங்க, அவ்ளோதான்."

எடுக்கமாட்டேன் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் ரத்தம் வடிந்தது.

அந்த மென்பொருளில் ஒரு வழக்கம். முதலில் போட்டவன் எடுத்தால் கீழே இருக்கும் பேர்கள், கருத்துகள் எல்லாம் சேர்ந்து போய்விடும், சுவடே இருக்காது. அலுவலகத்திலிருந்து எடுத்தால் யார் எடுத்தார்கள் என்று பதிவு நிற்கும். அதனால் எல்லோருக்கும் என் விரல்தான் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், இன்சார்ஜ் அச்சு அறைக்குள் வந்து கதவைத் தாழ்போட்டார். நான் மட்டும் இருந்தேன்.

"நாளைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்றார். "அத எடுத்துடுங்கண்ணா. உங்களுக்கும் நல்லது. மொதப் பேரு உங்களுதுதான்."

"இருக்கட்டும் சார்."

"என்னாது?"

"இருக்கட்டும்னு சொன்னேன் சார்."

கன்னத்தில் அறைந்தார். புண்ணாயிருந்த பக்கம். அடித்துவிட்டு அவருக்கே முகம் கோணியது. "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுய்யா" என்றார். "நான் என்னா வேணும்னா எழுதுனேன்? ஒரு கைதட்டுக்கு எழுதுனேன். அவனுக்குக் கை போயிடுச்சு, அந்தப் பக்கத்த எடுத்தாலும் வெச்சாலும் கை வரப்போறதில்ல. என் பொழப்பும் சேந்து போவணுமா?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் முடியாது என்று தலையாட்டினேன்.

என் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கினார். பூட்டு என் கட்டைவிரல் ரேகையில்தான் திறக்கும். என் கழுத்தை முழங்கையால் அலமாரியோடு சேர்த்து அழுத்தினார். மற்ற கையால் என் மணிக்கட்டை முறுக்கி விரலைப் போனின் மேல் வைத்துத் தேய்த்தார். விரலை மடக்கிக்கொண்டேன். பின்பக்கமாக வளைத்தார். மூட்டு சொடுக்கியது கேட்டது. மூச்சு நின்று கண் இருட்டியது. போன் திறந்துகொண்டது. என்னை விட்டுவிட்டு அதில் தேட ஆரம்பித்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மேஜைமேல் முப்பத்திரண்டு நம்பர் ஸ்பேனர் கிடந்தது. இடது கையில் எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. போன் கீழே விழுந்தது. அவர் திரும்பிக் கையை நீட்டினார். இரண்டாவது அடி முன்கையில். எலும்பு முறியும் சத்தம் எனக்குப் பழக்கமில்லாதது, ஆனாலும் அது என்னவென்று தெரிந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, "வேணாம்ணா, வேணாம்ணா" என்றார். மூன்றாவதாக ஓர் அடி அடித்தேன். அது தேவையே இல்லை. முதுகில் அடித்தேன். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. இதை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். விட்டுவிட்டால் நானும் அலுவலக அறிக்கை எழுதியவன் ஆகிவிடுவேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி விரிந்திருந்தது. 'இந்தப் பக்கத்தை நீக்கவா?' என்று கேட்டுக்கொண்டு நின்றது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். வலது கட்டைவிரல் வீங்கி வேலை செய்யவில்லை. இடது கைச் சுண்டுவிரலால் 'இல்லை' என்பதைத் தொட்டேன்.

சத்தம் கேட்டுக் கதவை உடைத்துக்கொண்டு செக்யூரிட்டியும் எங்கள் லைன் ஆட்களும் வந்தார்கள். தரையில் கிடந்த இன்சார்ஜைப் பார்த்ததும் என்னைக் குப்புறத் தள்ளி ஒருவர் முதுகில் மண்டியிட்டார். அன்றைக்கு என் முதுகில் தட்டிச் சிரித்தவர்தான். "உனக்கு ஏண்ணா இந்த வேலை? நீ அடிக்கற ஆளாண்ணா?" என்று அழாத குறையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே என் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டினார். போனை வாங்கி வைக்கச் சொன்னார்கள். நான் விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். எடுத்தவுடன் அது பூட்டிக்கொண்டது. கட்டைவிரல் வீங்கிக் கிடந்ததால் அன்றைக்கு யாராலும் மறுபடி திறக்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். பக்கத்தை அச்செடுத்து, பேர்களும் கருத்தும் இருக்கும்படி ஒவ்வொரு தாளிலும் அலுவலகத்தாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்சார்ஜுக்கு ஆஸ்பத்திரியில் முறிந்த எலும்புக்குத் தகடு வைத்தார்கள். என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் வாக்குமூலம் எழுதினார்கள். நாலாம் நம்பரில் இரண்டாம் ஷிப்டுக்கு வேறு ஆள் போட்டு ஓட்டினார்கள்.