புகார் நம்பரை எடுத்தவர்

அந்த அறிவிப்பை எழுதியவர் என் அப்பா. எங்கள் முகாமின் தொண்டு நிறுவன அலுவலகத்து முன்சுவரில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் அடித்து, அது காய்ந்ததும் சாக்பீஸால் கோடு இழுத்து, கறுப்பு எனாமலில் ‘உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். குறைகளைக் கூறத் தயங்காதீர்கள்’ என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். முகாம் ஆண்களில் பாதிப் பேர் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள்தான் என்றாலும் எழுத்து வேலை தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். நம்பரின் ஒவ்வொரு எண்ணையும் நிறுவனத்துச் சார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அப்பா நிறுத்தி நிதானமாக எழுதினார். அக்கா பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்கள் கண்ணுக்கு லட்சணமாக இருப்பதாகச் சார் பாராட்டினார். அப்பாவுக்கு அன்று முழுவதும் சிரிப்பு நிற்கவில்லை.

நினைவுக் குறிப்பு என்றால் நல்லவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நான் அந்தச் சாரைப் பற்றி எழுதப் போகிறேன். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அக்காவும் நானும் புதுக்கோட்டை மாவட்டத்து முகாமில்தான் பிறந்தோம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வரிசை முழுக்க இருமும், அவ்வளவு நெருக்கம். அரசாங்கம் கொடுப்பது போக, பள்ளி, படிப்பு, தையல் மெஷின், கூரைத் தகடு போன்றவற்றை ஒரு தொண்டு நிறுவனம் பார்த்துக்கொண்டது. அந்த நிறுவனம் என்றால் எங்களுக்குச் சார்தான். கீரனூரிலிருந்து பைக்கில் வருவார். சட்டை மடிப்புக் கலையாது. எல்லாரையும் அம்மா, அய்யா என்றுதான் கூப்பிடுவார். யாருக்குத் தகடு, யாருக்கு மெஷின், எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்று மேலே சிபாரிசு செய்கிறவர் அவர் ஒருவரே. அதனால் அவர் தண்ணீர் கேட்டால் மூன்று வீட்டிலிருந்து செம்பு வரும். அவரிடம் இரண்டு போன்கள் இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தோம். ஒன்று ஆபீசுக்கு, இன்னொன்று வீட்டுக்கு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் முகாமிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாள். திருச்சியில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குச் சாரின் சிபாரிசு வேண்டும். சிறு வயதிலிருந்தே யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள்தான் போய் உட்காருவாள். அவளுக்கு வேறு வேலை எதுவும் பொருந்தாது என்று எங்கள் வரிசையே சொல்லும். ஒரு மத்தியானம், முகாமே தூங்கும் நேரத்தில், நேர்முகத்துக்குத் தயார் செய்ய வேண்டும் என்று சார் அவளை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

எங்கள் ஊர்களில் செருப்பை வாசலில் விட்டுத்தான் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போவோம். முகாமில் இன்னொன்றும் உண்டு. எந்தச் செருப்பு யாருடையது என்று எல்லாருக்கும் அத்துப்படி. வாசலில் கிடப்பதைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். அது சாருக்கும் தெரிந்திருந்தது. அக்கா உள்ளே போனதும், அவர் வெளியே வந்து, அவள் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் கதவைத் தாழிட்டார். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று யாராவது கேட்டால் நான் இதை மட்டும்தான் சொல்வேன். ஆசையில் தடுமாறிய மனுஷன் செருப்பை நினைக்க மாட்டான்.

அவர் அக்காவின் கையைப் பிடித்த நேரத்தில், தண்ணீர் மோட்டார் போடுகிறவர் சாவி கேட்டுக் கதவைத் தட்டினார். திறக்க வேண்டியதாயிற்று. அக்கா வெறுங்காலோடு ஓடி வந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கு அப்போது புரிந்தது பாதிதான்.

மறுநாள் பஸ் நிறுத்தத்து ரீசார்ஜ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் அப்பா எழுதிய நம்பர் அவளுக்கு மனப்பாடம். எங்கள் எல்லாருக்கும் அது மெட்ராஸில் ஏதோ பெரிய ஆபீசின் நம்பர். சுவரில் பெயிண்டில் எழுதியது பொய்யாக இருக்கும் என்று நினைக்க எங்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரரின் போனை வாங்கி அக்கா பேசினாள். தன் பெயரைச் சொல்லவில்லை. முகாமில் ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று யாருக்கோ நடந்ததுபோல் சொன்னாள். நான் அவள் முகத்தோடு முகம் ஒட்டி நின்றேன். அந்தப் பக்கம் “ம்... ம்... சொல்லுங்க” என்று மட்டும் கேட்டது. அக்கா முழுவதையும் சொல்லி முடித்தாள். செருப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் குரல் மெதுவாக, அன்பாகச் சொன்னது: “செருப்ப இங்கிட்டே விட்டுட்டுப் போயிட்டியேம்மா. வந்து எடுத்துக்க.”

அந்த வாரம் பொருள் கொடுக்கும் நாளில், எல்லாப் பெண்களும் வரிசையில் நிற்கும்போது, சார் அந்தச் செருப்பைத் தூக்கிப் பிடித்தார். “இது யாரு செருப்புங்க? ஆபீஸ் ரூமுக்குள்ள கெடந்துச்சு. யாராச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?” வார் அறுந்த இடத்தில் அம்மா பச்சை நூலால் தைத்திருந்தார். எல்லாத் தலைகளும் அக்காவின் காலைப் பார்த்துத் திரும்பின. அக்காவின் கால் வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்யத் தேவையில்லை. மிச்சத்தை முகாம் பார்த்துக்கொண்டது. மத்தியானத்தில் ஆபீஸ் அறைக்குள் செருப்பு எப்படிப் போயிற்று என்று குழாயடியில் ஆளுக்கொன்று பேசினார்கள். கல்லூரிக் கட்டணம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அம்மா ஆபீஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். சார் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்த அன்று, அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “நம்பரை நான்தானே எழுதினனான்.” அதன்பின் அவர் தூரிகையைத் தொட்டாலும் எழுத்து வேலைக்குப் போகவில்லை. சுவரை வெறுமனே வெள்ளை அடிக்கிற வேலைதான் செய்தார். சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கணக்கும் சாரிடம்தான் இருக்கிறது.

அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த மெஷின்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. இன்று எனக்கு விநோதமான ஒரு வேலை. அகதிகளுக்கு உதவும் நிறுவனங்களில் மக்களின் குறை கேட்கும் ஏற்பாடு சரியாக இருக்கிறதா, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று போய்ப் பார்த்து மதிப்பிடுவது. நான் இதைச் சேவை மனப்பான்மையில் தேர்ந்தெடுத்தேன் என்று நேர்முகத்தில் சொன்னேன். அது பொய். ஒரு நாள் ஏதாவது ஒரு முகாம் வாசலில் அவர் எனக்கு எதிரே நிற்பார் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் என் கண் முதலில் ஆட்களின் சட்டை மடிப்பைத்தான் தேடும்.

போன மழைக்காலத்தில் அவர் கிடைத்தார். அதே மாவட்டம், வேறொரு முகாம், வேறொரு நிறுவனம். வாசலில் அழகாக அச்சடித்த பலகையில் அவர் படம் இருந்தது. கீழே ‘பாதுகாப்பு அலுவலர்’ என்று பதவி. தலைக்கு மை பூசியிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாது என்று எனக்கும் தெரியும். அவர் எங்கள் முகத்தை எப்போது பார்த்தார். “ரெண்டு வருஷமா ஒரு கம்ப்ளைண்ட்கூட இல்லைங்க மேடம். மக்கள் அம்புட்டு திருப்தியா இருக்காங்க” என்றார்.

என் தொழிலில் புகாரே இல்லை என்பதைவிடப் பெரிய புகார் கிடையாது. ஆனால் அதை வைத்து ஒருவரைப் பிடிக்க முடியாது. பலகையில் இருந்த நம்பருக்கு அங்கேயே போன் போட்டேன். அவருடைய சட்டைப் பை அடிக்கும் என்று காத்திருந்தேன். திருச்சி ஆபீசில் ஒரு பெண் எடுத்தாள்; மரியாதையாகப் பேசினாள்; எல்லாம் விதிப்படி. சார் புன்னகை செய்தார். காலத்துக்கு ஏற்றபடி அவரும் தேறியிருந்தார். பெண்கள் ஏன் கூப்பிடுவதில்லை என்பதை மட்டும் அந்த நம்பர் சொல்லாது. தையல் பயிற்சிக்கு யார், கல்லூரிக்கு யார் என்று சொல்லும் அதிகாரம் இன்னமும் அவர் கையில் இருந்தது.

எங்கள் குழுவின் தலைவி வழக்கறிஞராக இருந்தவர். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அன்று சாயந்திரம் பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் அறிக்கை என் கையில். வரிக்கு வரி சாரை அறுத்துப் போட்டுவிடலாம். ஆனால் பின்னால் ஒருநாள், பழைய பகையில் எழுதியது என்று அவர் எழுந்து நின்றால் அத்தனையும் வீண். அவர் தப்பிக்க நான் வழி வைக்க விரும்பவில்லை. அதனால்தான் சொன்னேன், நேர்மையினால் அல்ல. தலைவி கேட்டுவிட்டு, “இனிமே இந்த இடத்துல நீங்க எதையும் விசாரிக்கக் கூடாது. உங்க அக்கா பேச விரும்புறாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

அக்கா பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். சார் பெயரைக் கேட்டதும் கை நின்றது. தனியறையில், யாருக்கும் தெரியாமல் பேசலாம், பெயர் வெளியே வராது என்று நான் தொழில்முறையில் விளக்கினேன்.

“என்னை எல்லாருக்கும் முன்னாலதானே அவமானப்படுத்தினவர்” என்றாள் அக்கா. “நானும் எல்லாருக்கும் முன்னாலதான் கதைப்பன்.”

அப்படியே ஆயிற்று. அந்த முகாமில் பெண்கள் கூட்டம் நடந்தது. விதிப்படி நிறுவன ஆட்கள் உள்ளே இருக்கக் கூடாது. சார் சிரித்தபடி எழுந்து போனார். போனவர் வராந்தாவில் சரியாக ஜன்னலுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே போக எனக்கும் அனுமதி இல்லை. அதனால் நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எனக்கு டீ சொன்னார். வாங்கிக் குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை நான் எங்கும் குடித்ததில்லை.

உள்ளே தலைவி ஏதோ கேட்டார். பிறகு அக்காவின் குரல் வந்தது. கீழே குனிந்து பேசுகிற குரல் அல்ல. வெளியே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று ஜன்னலைப் பார்த்துப் பேசுகிற குரல். ஊர், வருஷம், தன் பெயர், அப்பா பெயர், சாரின் பெயர் எல்லாம் சொன்னாள். செருப்பை உள்ளே எடுத்து வைத்ததைச் சொன்னாள். சார் முதலில் காலாட்டிக்கொண்டுதான் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கால் நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மை பூசிய கிருதாவிலிருந்து வேர்வை கறுப்பாக இறங்குவதைக் கண் நிறையப் பார்த்தேன்.

“யாருங்க மேடம் அது?” என்றார்.

“எங்க அக்கா.”

அக்கா முடித்தாள். மறுபடியும் எல்லாத் தலைகளும் அவள் காலைப் பார்க்கின்றனவோ என்று பயந்தேன். அப்போது ஒரு பெண், வயதில் சின்னவள், “என்னையும் மத்தியானம்தான் வரச் சொன்னவர்” என்றாள். பிறகு இன்னொரு குரல். பிறகு யார் யார் பேசுகிறார்கள் என்று வெளியிலிருந்து பிரிக்க முடியவில்லை.

சார் பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, அதே பழைய அன்போடு, “மேடம், எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. நீங்க பார்த்து ஏதாச்சும் சொல்லணும். நான் வேற யாருகிட்ட போயி முறையிடுவேன்?” என்றார்.

“பலகையில நம்பர் இருக்குல்ல சார். அதுக்குப் போடுங்க” என்றேன்.

அன்று சாயந்திரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை நடக்கிறது, போலீசும் வந்து போயிற்று. அவர் மகள்களை நினைத்து என் மனம் இளகவில்லையா என்று ஒரு தோழி கேட்டாள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்மேல் உள்ளது கடுகளவும் குறையவில்லை. அவர் முகம் வெளுத்ததை வேலை இல்லாத நேரங்களில் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னிடம் கெஞ்சியதை அக்காவுக்கு ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கீரனூர் நிறுத்தத்தில் நர்சிங் சீருடையில் நாலைந்து பெண்கள் திருச்சிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பஸ் கிளம்பி அவர்கள் மறையும் வரை அக்கா கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“அவருக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

“எத்தனை கிடைச்சாலும் காணாது” என்றாள் அக்கா.