எலுமிச்சைக் கிளையில் மாட்டிய க்ளிப்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார்.

நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், நாலு மணிக்கு டீ கொடுக்க எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். இன்று காலை எடுத்தாயிற்று. இப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இதை எழுதிவிட வேண்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்கு... ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆன்லைனில் போடுவதற்குப் புடவையை போட்டோ எடுப்பது என் வேலை. ஸ்டாண்டில் கட்டி, மடிப்பு நீவி, பார்டரும் முந்தானையும் மறையாமல் க்ளிப் மாட்டிப் பிடித்துக்கொள்வது அவர் வேலை.

ஒரு நாளைக்கு எண்பது புடவை. பேசிக்கொண்டே செய்வோம். அவர் பேச்சு முழுக்க வீட்டைப் பற்றித்தான். வீடு என்றால் வீட்டு மனிதர்கள் அல்ல.

போளூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரம் அவர் வீடு. சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. அங்கே வந்து போகிற கீரி, உடும்பு, மயில், செம்போத்து எல்லாவற்றுக்கும் தினமும் அட்டெண்டன்ஸ் எடுப்பார்.

காலையில் வாட்ஸ்அப் திறந்தால் அவர் போனில் எடுத்த நாற்பது படம் வந்திருக்கும். நாற்பதிலும் கீரியின் வால் மட்டும்.

"தலை எங்கண்ணே?"

"நான் போன எடுக்கறதுக்குள்ள அது பூடுது தம்பி. ஞாயித்துக்கெழம நீ ஜல்தியா வா. உன் கேமராவுக்கு நிக்கும்."

நிற்காது. என் கேமராவிலும் வால்தான் விழுந்தது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போனேன். அண்ணி கொடுக்கும் காபிக்காகவும்தான், பொய் சொல்வானேன்.

நேற்று சாயங்காலம் அவர் மகள் போன் செய்தாள். "அப்பா போட்டோ ஒண்ணு அனுப்புங்க. ஃபிளெக்ஸ் கடைல கேக்கறாங்க. நீங்கதான் எப்பவும் எடுத்துகினே இருப்பீங்களே."

எடுத்துக்கொண்டேதான் இருந்தேன். ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடிவிட்டேன். கடைப் படங்களில் அவர் கை மட்டும்தான் இருக்கிறது, முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. அதையும் க்ராப் செய்துதான் கடைக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் குருவி, ஓணான், மறுபடியும் குருவி.

முகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்று. எலுமிச்சை மரத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மூன்று வருடம் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருந்த எலுமிச்சையில் கொண்டைக்குருவி கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மரத்தைச் சுற்றிப் பத்தடி தள்ளிக் கயிறு கட்டிவிட்டார். துணி துவைக்கிற கல்லுக்கு அண்ணியே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கூட்டை ஒரு கிளை மறைத்தது. குஞ்சுகளின் வாய் எனக்குத் தெரியவில்லை.

மறைக்கிற மடிப்பை ஒதுக்கி க்ளிப் போடுவதை ஒரு நாளைக்கு எண்பது தடவை பார்க்கிறவன் நான். அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கயிற்றைத் தாண்டினேன். சட்டைப் பையில் கிடந்த புடவை க்ளிப்பை எடுத்து, அந்தக் கிளையை மடக்கிப் பின்கிளையோடு சேர்த்து மாட்டினேன்.

படம் பிரமாதமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவரையும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்து ஒன்று எடுத்தேன். க்ளிப்பைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன். "தம்பி... கூடு காலியா கீதுப்பா."

ஓடினேன். மறைப்பு இல்லாத கூடு, குஞ்சு தின்னும் செம்போத்தின் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். க்ளிப் அப்படியே இருந்தது. அண்ணன் கண்ணாடி கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்வதற்குள் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நேத்து சாயங்காலம் தண்ணி வுடறேன்னு நான்தான் கயித்த தாண்டிப் போனேன். அந்தச் செம்போத்து என்னையே பாத்துகினு இருந்துச்சி. நான்தான் எடத்த காட்டிக் குடுத்துட்டேன் தம்பி."

நான் சொன்னது: "இருக்கும்ணே."

அதைச் சொன்ன வாயை என்ன செய்வது...

அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் கீரி வால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிடவும் இல்லை. நானாகக் கேட்டால், "வரும், போவும்... நமக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்று அடுத்த புடவையைப் பிரிப்பார்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். அவர் கையில் க்ளிப்பைப் பார்த்ததும் வராது.

நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் தோளுக்குப் பின்னால், ஓரத்தில், க்ளிப் தெரிகிறது. அதை வெட்டிவிட்டுத்தான் மகளுக்கு அனுப்பினேன். செத்த பிறகும் அவரிடம் மறைக்கிறேன் பாருங்கள்.

இன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி, கால் கழுவிக்கொண்டு, நேராக அண்ணியிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். க்ளிப்பை ஒளித்ததையும் "இருக்கும்ணே" என்றதையும்.

அண்ணிக்கு அழுது அழுது குரலே இல்லை.

"அன்னிலேர்ந்து அந்த மரத்தாண்ட அவரு காலே வெக்கல. பழமெல்லாம் கீழ கொட்டி அழுகும். என் கை அந்த மரத்துக்கு ஆவாது, நீ போய்ப் பொறுக்கினு வான்னுவாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத நீ அவருகிட்ட சொல்லியிருக்கணும் தம்பி," என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணே... அந்தக் கிளைய மடக்கினது நான்தாங்க. நீங்க இல்ல.