முதல் அலைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே: பெல்மதுளைக்கு ஒரு பயணம்

2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பெல்மதுளைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். கடலைப் பற்றி வேலை செய்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டிலேயே கேட்டார்கள்.

கொழும்பில் நாங்கள் நான்கு பேர், கரையோரத்தில் நீர் எப்போது, எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரி ஒன்றைச் சோதித்துவந்தோம். 2004 சுனாமியை அதில் ஓட்டி, நேரில் கண்டவர்கள் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். தங்காலைப் பக்கத்து விடுதி ஒன்றில் இரண்டு அலைகளுக்கும் நடுவே ஒன்பது நிமிடம் என்றது அந்தக் கணினி மாதிரி. அந்த விடுதியில் வேலை செய்த செல்வராணி, கணவரை அங்கே இழந்து, பிறந்த தோட்டத்துக்கே திரும்பியிருந்தார்.

புறக்கோட்டையில் காலை 6.15க்கு பஸ். இரத்தினபுரி ஏறக்குறைய 100 கிலோமீட்டர், 9.40 ஆகிவிட்டது. அங்கிருந்து பெல்மதுளை 20 கிலோமீட்டர். பிறகு த்ரீவீலரில் 7 கிலோமீட்டர், 300 ரூபாய். (ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.)

"சுனாமியில புருசன பறிகொடுத்த அக்காவா? ரப்பர் பால் ஊத்திட்டு ஒரு மணிக்குத்தான் லயத்துக்கு வருவாங்க, மிஸ்" என்றார் டிரைவர், செல்வராணியின் பெயரைச் சொன்னதும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்துக்கு அப்படியே வந்தார் செல்வராணி. கை கழுவிவிட்டு எனக்கு முதலில் தேநீர் கொடுத்தார்.

"மொத தண்ணி முழங்கால் அளவுதான். வடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சோம். வெள்ளக்காரங்க பையெல்லாம் எங்க வீட்டுக்காரருதான் மேல் ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்தாரு. நாலு நடை."

எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தூரம் தெரிந்தது: விடுதியிலிருந்து மேல் ரோடு, இங்கே லயத்திலிருந்து மேலே ரப்பர் பால் ஸ்டோர் வரைக்கும் இருக்குமாம். நடந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஒரு விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "சும்மா கைய வீசிட்டு நடந்தா சரியா வராதுங்க, மிஸ்."

நான்கு நடை. என் கைக்கடிகாரத்தில் இருபத்தொரு நிமிடம். மாதிரியின் தவறு பிடிபட்டுவிட்ட மகிழ்ச்சியில் குறித்துக்கொண்டேன். நிமிர்ந்தால், அவர் மறுபடியும் லயத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

"நாலு நடை முடிஞ்சதுங்களே?"

"அஞ்சாவது நான் அனுப்பினது, மிஸ்."

பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏழு வருசம் அலைஞ்சு எடுத்த என் ஐடென்டி கார்டு கீழ ரூம்லயே கிடந்துச்சு. அது இல்லாம ரோட்டுல நின்னா போலீஸ் விடுமா? எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போனாரு. இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

கடிகாரத்தைப் பைக்குள் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே கேட்டார்: "கம்ப்யூட்டர் எவ்வளவு சொல்லிச்சு?"

"ஒன்பது நிமிசம்."

"அப்படி வந்திருந்தா ரெண்டாவது நடையிலயே அலையப் பார்த்திருப்பாரு. அஞ்சாவதுக்கு நான் அனுப்பியிருக்க மாட்டேன்."

கொழும்புக்குத் திரும்பி மாதிரியைத் திருத்தினோம். அந்த இடத்தின் கடலடிப் பாறைகளை நாங்கள் சரியாகச் சேர்த்திருக்கவில்லை. சேர்த்ததும் இடைவெளி இருபத்துமூன்று நிமிடம் ஆனது: ஐந்தாவது நடை தொடங்கி இரண்டு நிமிடம். அலுவலகத்தில் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும், கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். இப்படி எதையாவது கேட்கப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் தாமதமாக வெளியே எடுங்கள். தெற்குக் கரையில் தங்குகிறவர்களுக்குச் செல்வராணி சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: தண்ணீர் வடிந்துவிட்டதென்று மறுபடி கீழே இறங்காதீர்கள், யார் கேட்டாலும்.