மலர் மறைத்த கை

பிள்ளைகளே, நான் கொருக்குப்பேட்டையில் லாரி ஓட்டுகிறவன். என் மகள் மலருக்கு ரத்தப் புற்றுநோய். அவள் அண்ணனிடமிருந்து எடுத்த, புது ரத்தம் ஊற வைக்கும் ஸ்டெம் செல்லை அவளுக்கு ஏற்றினார்கள்.

"சில நேரம் அண்ணனோட செல் இவ தோலோட சண்டை போடும். சிவந்தா உடனே வாங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபின், கொளுத்தும் வெயிலிலும் மலர் விரல் வரை இழுத்துவிட்ட முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. ஒருநாள் சோறு பிசைந்தபோது எரிச்சல் தாங்காமல் அழுதாள். சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் வரை தோல் சிவந்து உரிந்திருந்தது.

"இன்னாம்மா இது? ஏன் சொல்லல?"

"அண்ணன் செல்லுதானே நைனா சண்ட போடுது? சொன்னா நீ அண்ணன அடிப்பியே."

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டாள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இதில் யார் தப்பும் இல்லை பிள்ளைகளே, உடம்பில் எது வந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இப்போது அவள் அண்ணன் அவளைத் தொடவே பயப்படுகிறான். அதனால் தினமும் அவனைக் கை கழுவச் சொல்லி, அவள் கையில் தடவும் களிம்பை அவனிடம்தான் கொடுக்கிறேன்.