பிரபாவதியின் கேரவனும் ஆடி மாதச் சீட்டும்

புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் கடன் தேவைப்பட்டாலும், பேங்குக்குப் போகும் முன்னால் பிரபாவதி வீட்டுக்குப் போவார்கள். அவள் கடன் கொடுக்கமாட்டாள். எங்கே வாங்கினால் வட்டி குறைவு என்று மட்டும் சொல்வாள். கேட்டவருக்கு ஒரு காப்பியும், கேட்காத அறிவுரை நாலும் கிடைக்கும். நான் பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்குக் காப்பி குறைவு, அறிவுரை அதிகம்.

அவள் ரிட்டையர் ஆனது மத்திய அரசு ஆபீஸ் ஒன்றின் கணக்குப் பிரிவில். மற்றவர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்து நீட்டும் பயண பில்களைச் சரிபார்த்துப் பாஸ் பண்ணுவதுதான் அவள் வேலை. சிம்லாவிலிருந்து மணாலிக்கு எவ்வளவு தூரம், அந்தமான் கப்பலில் எந்த வகுப்புக்கு என்ன கட்டணம், எல்லாம் தலைகீழாகச் சொல்வாள். அவள் நேரில் பார்த்ததில் தூரமான ஊர் திருப்பதி. “ரிட்டையர் ஆனப்புறம் நிதானமா போகலாம் பிரபா” என்று கணவர் ஹரிஹரன் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ரிட்டையர் ஆனார்கள். ஆன கையோடு ஹரிஹரனின் சிறுநீர்ப்பை அவர் காலை வாரிவிட்டது.

முக்கால் மணி நேரம் தாங்குவார், அவ்வளவுதான். ஒரு முறை துணிந்து பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். யாரோ ஒருவன் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு காட்பாடி வரைக்கும் போனில் பேசிக்கொண்டிருந்தான். வெளியே நின்ற ஹரிஹரனுக்கு நேர்ந்ததை நான் எழுதப்போவதில்லை. காட்பாடியிலேயே இறங்கித் திரும்பிவிட்டார்கள். அன்றோடு அவருக்கு ரயில் கிடையாது, பஸ் கிடையாது. விமானத்தில் பெல்ட் விளக்கு எரிந்தால் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ புண்ணியவான் சொல்லிவைக்க, அதுவும் கிடையாது. செங்கல்பட்டு டாக்டரிடம் பிரபாவதியே காரில் கூட்டிப்போவாள். அந்த வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறைக் கதவுக்குத் தாழ் இருக்கிறது என்று அவளைக் கேட்டால் தெரியும். கல்யாணம் காட்சி என்று எங்கும் தலைகாட்ட முடியாமல் அவளும் அவரோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள்.

அப்போதுதான் மாமல்லபுரத்தில் சுற்றுலா வண்டி விடுகிற ஏசுபாதம் தன் பழைய கேரவனை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வேனை உள்ளே மாற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, பின்னால் பீரோ அளவுக்கு ஒரு கழிவறை. அவள் படுக்கையைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். வெளியே வந்தபோது அந்த முகத்தைப் பார்த்து, இவள் எப்படியும் வாங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குள்ளோ, பிரபாவதி மேடம் சீரியலில் மாமியார் வேஷம் கட்டப்போகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அதை ரெண்டு நாள் மறுக்காமல் ரசித்தாள்.

அவள் கையிருப்பு போக நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுந்தது. ஆடி முடியும் வரை வேறு யாருக்கும் விற்பதில்லை என்று ஏசுபாதம் வாக்குக் கொடுத்தார். அதற்கு மேல் காத்திருக்க முடியாது, ஈ.சி.ஆர். பக்கம் ஷூட்டிங் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

பேங்கில் வண்டிக் கடன் கேட்டாள். பழைய வண்டி, அதுவும் மாற்றிக் கட்டியது என்றதும் அங்கே இருந்த தம்பி சொன்ன வட்டியைக் கேட்டு, “நான் வண்டி வாங்க வந்தேன் தம்பி, உங்க பேங்கை வாங்க வரல” என்று எழுந்து வந்துவிட்டாள். பர்சனல் லோன் அதைவிட மோசம். அடகு வைக்க நகை இல்லை, எல்லாம் மகள் மீராவின் கல்யாணத்தோடு போயிற்று. ஹரிஹரன் பெயரில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தது. அதை உடைக்கவே வேண்டாம், அதன் மேல் கடன் வாங்கலாம், அதைவிட மலிவான கடன் இந்த ஊரிலேயே கிடையாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் அசையவில்லை. “கக்கூஸைக் கட்டி இழுத்துக்கிட்டு ஊர் ஊரா போனா சிரிப்பாங்க” என்றார். எங்களிடமும் அதையேதான் சொன்னார்.

மிஞ்சியது ஞானம்மாள் சீட்டு.

ஞானம்மாள் பஜாரில் டிபன் கடை வைத்திருப்பவள். அவளுடைய ஏலச் சீட்டில் நாங்கள் இருபது பேர், மாதம் ஆளுக்கு இருபதாயிரம். சேருகிற நாலு லட்சத்தை யார் எடுப்பது என்று மாதாமாதம் ஏலம் நடக்கும். அதில் அதிகமாக யார் விட்டுக்கொடுக்கிறார்களோ அவர்களுக்குச் சீட்டு. விட்டுக்கொடுக்கிற தொகைக்குத் தள்ளு என்று பெயர். அது இருபது பேருக்கும் சமமாகப் பிரியும். ஒருத்தருக்கு முடை என்றால் மற்ற பத்தொன்பது பேருக்கும் கொண்டாட்டம். தை, ஆவணியில் கல்யாணச் செலவுக்காரர்கள் முட்டி மோதுவார்கள். ஆடியில் யாரும் எந்த நல்ல காரியமும் தொடங்கமாட்டார்கள், ஏலம் ஈயடிக்கும். அதனால் பிரபாவதி ஆடிச் சீட்டைக் குறிவைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் பிரபாவதி இல்லை. ஆனியிலேயே சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவர் வீடாகக் கிளம்பினாள். ராமானுஜம் சாருக்கு மகளின் காலேஜ் பீஸ் கவலை. அவரைக் கையோடு அழைத்துப்போய்க் கல்விக் கடனுக்கு மனு போடவைத்தாள். ஸ்கூட்டர் வாங்கத் துடித்த பிரதீபாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தைக் காட்டினாள். சமையலறைக்கு டைல்ஸ் போட நினைத்த என்னை, என் வளையலைக் கழற்றி நகைக்கடன் வாங்கவைத்தாள். இவளைப் போல உபகாரி உண்டா என்று நானும் நெகிழ்ந்துபோய் மாம்பழமெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ஆடி முதல் ஞாயிறு காலை ஞானம்மாள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஏலம் கேட்க ஆளே இல்லாததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் எல்லோருடைய தேவையையும் தீர்த்துவைத்து, களத்தைக் காலி பண்ணியிருக்கிறாள் படுபாவி.

அன்றைக்கு ஹரிஹரனும் வந்திருந்தார். சீட்டு நடக்கிற பக்கமே வராதவர். பாத்ரூம் கதவை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே போனாலும் அவர் பாத்ரூம் பக்கம்தான் உட்காருவார் என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

“இன்னா, யாரு கேக்கறீங்க? ஆடி மாசம்னு அல்லாரும் வாயில கொழுக்கட்டை வெச்சிகினு கீறீங்களா?” என்றாள் ஞானம்மாள்.

“அஞ்சாயிரம்” என்றாள் பிரபாவதி.

யாரும் வாய் திறக்கவில்லை. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் போனாள்.

“பத்தாயிரம்” என்றது ஒரு குரல். கிச்சா. ஹரிஹரனோடு தினமும் சாயங்காலம் நடக்கிற சிநேகிதர். ரெண்டு வீட்டு வாடகை வருகிறது, கடன் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். தீர்த்துவைக்க ஒரு தேவையும் இல்லை என்று பிரபாவதி விட்டுவைத்த ஒரே ஆள்.

“பன்னெண்டு” என்றாள் பிரபாவதி.

“இருபது.”

“இருபத்திரெண்டு.”

“முப்பது.”

அவள் குரல் சுருங்கிவிட்டது. “முப்பத்தஞ்சு” என்றாள். கிச்சா பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். ஞானம்மாள் ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஹரிஹரன் விருட்டென்று எழுந்து பாத்ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். கிச்சா இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். “நாப்பது” என்றார்.

பிரபாவதி காலி நாற்காலியைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். கிச்சாவைப் பார்த்தாள். அவள் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். முப்பது வரைக்கும் கிச்சா ஏற்றிய ஒவ்வொரு முறையும் ஹரிஹரன் வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி எழுந்து நின்றதும், முப்பத்தஞ்சு என்றதும் போதும் என்பது போல உட்கார்ந்துவிட்டதும் எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் நின்றால் ஏற்று, உட்கார்ந்தால் நிறுத்து.

அவள் என் காதருகே குனிந்தாள். “உள்ள போனா அஞ்சு நிமிஷம் ஆகும் ரோகிணி” என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று, “அம்பது” என்றாள்.

கிச்சா திரும்பினார். நாற்காலி காலி. “அம்பத்தஞ்சு.”

“எழுபது.”

“எழுபத்தஞ்சு.” கிச்சாவுக்கு வியர்த்தது. எங்காவது அவர் நிறுத்தியிருந்தால் பிரபாவதி மாட்டியிருப்பாள். வாழ்நாளில் ஒரு ரூபாய் அதிக வட்டி கட்டாதவள், கொள்ளைத் தள்ளில் சீட்டெடுத்த கதையாகியிருக்கும். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

“ஒரு லட்சத்தி அஞ்சு” என்றாள்.

கிச்சா பாத்ரூம் கதவைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒரு லட்சத்திப் பத்து.”

“எனக்குக் கட்டுப்படி ஆகாதுப்பா, நீங்களே எடுத்துக்குங்க” என்று பிரபாவதி கைப்பையை மூடினாள். ஞானம்மாள் மூன்றாம் தரம் சொல்லி முடிக்கவும், தாழ் திறந்து ஹரிஹரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது.

“எங்கடா போய்த் தொலைஞ்சே?” என்று கிச்சா அலறினார். “நீ எழுந்து நின்னா ஏத்தணும்னு சொன்னே. நாற்காலியே காலியா இருந்தா நான் என்னன்னுடா நினைக்கிறது?”

நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“இன்னா அண்ணாத்த,” என்றாள் ஞானம்மாள், “என் வூட்டுல வந்து மியூசிக்கல் சேரா ஆடிகினு கீறீங்க?”

ஏலத்தைக் கேன்சல் பண்ணச் சொல்லி கிச்சா கெஞ்சினார். அதற்குள் எல்லோரும் மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டார்கள். ஆளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்றார் ராமானுஜம் சார். நானும் அதையே சொன்னேன். என் வளையலுக்கு வட்டியை யார் கட்டுவது?

ஆனால் பிரபாவதியின் முகத்தில் ஜெயித்த களை இல்லை. ஆடிச் சீட்டு கிச்சாவுக்குப் போய்விட்டது. அடுத்த ஏலம் ஆவணியில், அதற்குள் வண்டி ஷூட்டிங்காரன் வாசலில் நிற்கும். கோபத்தில் கிச்சாவோடு சேர்த்துத் தன் கேரவனையும் தள்ளிவிட்டாள். அது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது போல உட்கார்ந்திருந்தாள்.

ஹரிஹரன் கிச்சாவின் தோளைத் தொட்டார். “விடுடா, உன் நஷ்டம் என் பொறுப்பு. நாளைக்கே அந்த டெபாசிட்டை உடைச்சுத் தந்துடறேன்.”

“உடைப்பீங்களா?” என்றாள் பிரபாவதி.

அவர் கிச்சாவின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“ஆறு மாசமா கேட்டேன். உடைக்கக்கூடச் சொல்லல. அது மேல கடன் வாங்குங்கன்னுதான் சொன்னேன். ஊர் சிரிக்கும்னீங்க. இப்ப ஊரே சிரிச்சாச்சு. சிநேகிதனுக்கு உடைப்பீங்க, எனக்குத் தொடக்கூட மாட்டீங்களா?”

ஹரிஹரன் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஊர் சிரிக்கும்னு சொன்னது சும்மா” என்றார். “எனக்கு உன்னைவிட எட்டு வயசு கூட பிரபா. உன் கையில இருக்கிறதெல்லாம் வண்டிக்குப் போயிடும். அதுக்கு மேல சீட்டு வேற. எனக்கு அப்புறம் நீ யார் வாசல்ல போய் நிப்பே? அந்த டெபாசிட் உனக்குன்னு வெச்சதுதான். எனக்கு அப்புறம் உனக்கு.”

“எனக்குன்னா இப்பக் கொடுங்க” என்றாள் பிரபாவதி. “உங்களுக்கு அப்புறம் அந்தக் காசை வெச்சுக்கிட்டு நான் எந்த ஊரைப் போய்ப் பார்க்கிறது? யாரோட பார்க்கிறது? நீங்க இருக்கும்போதே எனக்குச் செலவு பண்ணணும். என் பென்ஷன் இருக்கு, என் சீட்டும் அப்படியே இருக்கு. நான் கடைசி மாசம் வரைக்கும் பொறுத்து, தள்ளே இல்லாம முழுசா எடுத்துக் கடனை அடைச்சுடுவேன். நீங்க வந்து வண்டியில உட்கார்ந்தாப் போதும்.”

ஹரிஹரன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அது மேல கடன்னா, எவ்வளவு தருவான்?” என்று கேட்டார்.

“தொண்ணூறு சதவீதம்” என்றாள். “அவன் நமக்குத் தர்ற வட்டியைவிட ஒரே ஒரு சதவீதம்தான் கூட.”

சொல்லும்போதே குரல் உடைந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசித்து விசித்து அழுதாள். வட்டிக் கணக்குச் சொல்லிவிட்டு அப்படி அழுத ஒரு பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.